மதினி புளி போட்டுத் தேய்த்த செப்புக்காசு

அண்ணன் எங்களைவிட்டுப் போய் ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலருக்கு நாலு நல்ல வார்த்தை எழுதித் தரும்படி அண்ணனின் ஒரே மகன், என் மருமகன், கேட்டபோது கூடவே ஒரு கட்டளையும் போட்டான். "அத்தை, அந்தக் காசு சங்கதி மட்டும் வேண்டாம்." உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? ஆளுக்கொன்று பேசுவதைவிட உடன்பிறந்தவள் உள்ளதைச் சொல்லிவிடுவதே மேல்.

அண்ணன் பிறந்தது ஏரலுக்குப் பக்கத்தில். அப்பா சீக்கிரமே காலமாகிவிட்டார். அண்ணன் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு உப்பளத்தில் இறங்கி, உள்ளங்கால் வெடிக்க வேலை செய்து என்னை ஆசிரியப் பயிற்சி வரை படிக்க வைத்தார்கள். பிறகு தூத்துக்குடித் துறைமுகச் சாலையில் ஓர் எடை மேடையில் வேலை கிடைத்தது. லாரியைச் சரக்கோடு நிறுத்தி எடை பார்த்துச் சொல்ல வேண்டும். "கொஞ்சம் பாத்துப் போடுங்க அண்ணாச்சி" என்று இளித்துக்கொண்டு வருபவர்களிடம், "பாத்துத்தான போடுதேன், அதான் கூடக் காட்டுது" என்பார்கள். தெரிந்தவருக்காகச் சிபாரிசு சொல்லப் போய் நானே மூக்குடைபட்டுத் திரும்பியிருக்கிறேன்.

ஓய்வு பெற்றதும் கொற்கையில் சின்னதாக ஒரு வாழைத்தோட்டம் வாங்கினார்கள். கோடையில் குளத்தில் அள்ளும் கரம்பை மண்ணை எல்லோரும் தோட்டத்துக்கு அடிப்பது வழக்கம். அண்ணனும் அடித்தார்கள். அந்த மண்கட்டிகளை உடைத்துப் பரப்பும்போதுதான் அண்ணன் மனைவி, என் மதினியின் கையில் அந்தக் காசு அகப்பட்டது. கட்டைவிரல் நகத்தளவு, சதுரமாக, பச்சைக் களிம்பேறிக் கிடந்தது.

மறுநாள் விளக்குத் துலக்கும்போது மதினி அதையும் சேர்த்துப் புளி போட்டுத் தேய்த்துவிட்டார்கள். வேறென்ன செய்வார்கள்? எங்கள் வீடுகளில் செம்பைக் கண்டால் கை தானாகப் புளிப்பானைக்குப் போகும். களிம்போடு ஒரு பொருளைச் சாமி முன்னால் வைக்க யாருக்கு மனம் வரும்? "இங்கன வாங்களேன், இந்தப் பக்கம் ஆனை, அந்தப் பக்கம் மீனு!" என்று சின்னப்பிள்ளை போல அண்ணனைக் கூப்பிட்டுக் காட்டினார்களாம்.

அந்த மாதமே மதினி போய்விட்டார்கள். காய்ச்சல் என்று படுத்தவர்கள் எழுந்திருக்கவில்லை. டாக்டர்கள் ஏதோ ஒரு பேர் சொன்னார்கள். துஷ்டி கேட்க வந்தவர்கள் வேறு பேர் சொன்னார்கள். "பொணத்துக்கு வச்ச காசை வீட்டுக்குள்ள கொண்டாந்தா சும்மா விடுமா?"

இறந்தவர்களைத் தாழிக்குள் வைத்து, அவர்கள் புழங்கிய பொருள்களையும் உடன் வைத்துப் புதைத்த காலம் ஒன்று எங்கள் பக்கத்தில் இருந்தது. இன்றும் மண்ணைத் தோண்டினால் தாழி ஓடுகள் வரும். ஊராருக்குத் தெரியாத ஒன்றை அண்ணன் என்னிடம் மட்டும் சொன்னார்கள். "ஏளா, அந்த லோடு மண்ணுல தாழி விளிம்பு ஒண்ணு கெடந்துச்சு. அவ பயப்படுவாளேன்னு சொல்லாம வாய்க்கால்ல தூக்கிப் போட்டுட்டேன்."

அதன்பிறகு அது வீடாகவே இல்லை. நான் போகும்போதெல்லாம் அண்ணன் அடுப்படிப் பக்கம் காதைக் கொடுத்தபடி உட்கார்ந்திருப்பார்கள். "தேய்க்குத சத்தம் கேக்குதா?" என்பார்கள். எனக்குக் கேட்டதில்லை. ஆனால், கேட்கவில்லை என்று சொல்லும்போது என் குரல் ஒருநாளும் உறுதியாக வந்ததில்லை.

"அதைக் கடல்ல வீசிட்டு முங்கிட்டு வாங்க" என்று நானும் மருமகனும் கெஞ்சினோம்.

"எங்க இருந்து வந்துச்சுன்னு தெரியாம எப்படிம்மா வீச?" என்றார்கள்.

தாழிக்குள் இருந்த காசா, எவரோ வழியில் தவறவிட்ட காசா? அண்ணனுக்கு அது ஒன்றுதான் கேள்வி. தாழிக்காசு என்றால், அந்த மண்ணைக் கொண்டுவந்து மதினியைக் கொன்றது தாமே என்று நம்பினார்கள். சொல்லித் திருத்த எங்களால் முடியவில்லை.

மதுரையில் ஒரு பழங்காசு வியாபாரியிடம் துணைக்கு நானும் போனேன். அவர் பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார். இந்த வகைக் காசில் யானை வலப்பக்கம் பார்த்துத்தான் நிற்குமாம், இடப்பக்கம் பார்க்கும் யானை தன் கைக்கு வந்ததே இல்லை என்றார். அடுத்த நொடி தலையில் அடித்துக்கொண்டார்.

"யாருங்க இதைத் தேய்ச்சது? களிம்போட கொண்டுவந்திருந்தா நீங்க சொன்னதுதான் விலை. இப்ப பாதிகூடத் தேறாது."

அண்ணன் விலையைக் காதிலேயே வாங்கவில்லை. "இது தாழிக்குள்ள இருந்ததா, வெளிய கெடந்ததா? அதைச் சொல்லும்." வியாபாரி என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன்.

கடைசியில் ஓர் அருங்காட்சியகத்துக்குப் போனோம். அங்கிருந்த அதிகாரி அம்மா பொறுமையாக எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் காசின் விளிம்பைக் காட்டினார். "நல்லா தேஞ்சிருக்கு ஐயா. நிறைய கை மாறின காசு." அண்ணன் முகத்தில் வெகுநாளாகக் காணாத வெளிச்சம் வந்தது. "அப்ப தாழிக்காசு இல்லையே?"

அந்த அம்மா ஒரு பொய் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "புழங்கின காசையும் உள்ள வைப்பாங்க ஐயா. மேல இருந்த களிம்பையும் ஒட்டின மண்ணையும் வச்சு ஓரளவு சொல்லியிருக்கலாம். இனி யாராலயும் சொல்ல முடியாது."

அண்ணனுக்கு வேண்டிய பதில் மதினி கழுவி ஊற்றிய புளித்தண்ணீரோடு போய்விட்டிருந்தது. அண்ணன் காசை மேசைமேல் வைத்தார்கள். "இங்கயே இருக்கட்டும். பணம் எதுவும் வேண்டாம். கண்டெடுத்தது முத்துக்கனின்னு மட்டும் எழுதணும்." மதினியின் பெயரை அந்த அம்மா எங்கள் கண்முன்னே எழுதினார்.

திரும்பும் பஸ்ஸில் எனக்கு அப்பாடா என்று இருந்தது. வீட்டைப் பிடித்தது விட்டது என்றே நினைத்தேன். அண்ணன் தன் வலது உள்ளங்கையை முகர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"காசைப் பொத்தி வச்சிருந்தா அவ கை வாசம் வரும் ஏளா. செம்பும் புளியுமா. இப்ப வரல."

கையை மடியில் போட்டுக்கொண்டு, "போயிட்டா" என்றார்கள்.

பிறகு அந்தச் சத்தத்தைப் பற்றி அண்ணன் கேட்கவே இல்லை. சாப்பாடு குறைந்தது, நடை குறைந்தது. எதை விரட்டச் சொல்லி இத்தனை நாள் கெஞ்சினோம் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

கடைசி நாட்களில் அண்ணனை ஆஸ்பத்திரியில் முகம் கோணாமல் பார்த்துக்கொண்ட நர்ஸ் பிள்ளைகளுக்கும், தினமும் கஞ்சி கொண்டுவந்த பக்கத்துக் கடை அண்ணாச்சிக்கும், தோள் கொடுத்துத் தூக்கிச் சென்ற எடை மேடைத் தோழர்களுக்கும், பஸ் கிடைக்காமல் நடந்தே வந்து சேர்ந்த சொந்தபந்தங்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

அண்ணன் கடைசியாகப் பேசியது என்னிடம்தான். நான் அழுவதைப் பார்த்துவிட்டு, "அழாத ஏளா. இனி அவகிட்டயே கேட்டுக்கிடுதேன்" என்றார்கள்.

கேட்டிருப்பார்கள். மதினியை எனக்குத் தெரியும். உண்மை எதுவானாலும், "வெளியதாங்க கெடந்துச்சு" என்றுதான் சொல்லியிருப்பார்கள்.