செர்டாங் சாலையில் மூன்று தட்டு

பரஞ்சோதி அண்ணனிடம் அடி வாங்காதவன் எங்கள் பேண்டில் கிடையாது. எனக்கு மூன்று முறை விழுந்திருக்கிறது. மூன்றும் மூச்சு இழுத்ததற்காக.

நான் ஊதுவது டியூபா. வயிற்றோடு அணைத்துக்கொண்டு ஊதும் பெரிய பித்தளை வாத்தியம். என்னைப் போல லோரி ஓட்டுகிறவன் நெஞ்சுக்கூடு இருந்தால்தான் அதற்குக் காற்று கட்டும். ஒரு நாள் நான் மூச்சு இழுத்த அதே இடத்தில் பக்கத்தில் நின்ற யூஃபோனியக்காரனும் இழுத்துவிட்டான். இரண்டு பேர் பிடரியிலும் இடி மாதிரி விழுந்தது.

"ஆர்கன் எங்கயாச்சும் மூச்சு வுடுமாடா? அதுக்குத் துருத்தியில காத்து வருது. ஒங்களுக்குத் துருத்தி இல்ல, சரி. அதுக்காக ரெண்டு பேரும் சேந்தா இழுக்கிறது? பாட்டுல ஓட்டை வுழுது, காதுல வுழல?"

"அண்ணே, மனுசன் செத்துருவான்" என்றேன்.

"செத்தா ஒன் சாவுக்கும் நான்தான் வாசிக்கணும். ஊது லோரி."

என் பெயரைச் சொல்லி அவர் கூப்பிட்டதே இல்லை. லோரிதான்.

அவர் பிறந்தது லூனாஸ் பக்கத்தில் ஒரு ரப்பர் பால்மரத் தோட்டம். அப்பா சம்சு குடித்துவிட்டு மண்வெட்டிக் காம்பால் அடிப்பார். பதினேழு வயதில் அதே காம்பைப் பிடுங்கி அப்பாவைத் திருப்பி அடித்துவிட்டுப் பட்டாளத்துக்கு ஓடிப்போனார். கை நீளமாக இருக்கிறது என்று பட்டாளத்து பேண்டில் ட்ரோம்போனைக் கொடுத்தார்கள். இருபத்தொரு வருடம் ஊதினார். நோட்டு படிக்கவும் எழுதவும் அங்கேதான் கற்றுக்கொண்டார்.

இன்னொரு பைத்தியமும் அங்கேதான் பிடித்தது. முந்நூறு வருடத்துக்கு முன்னால் ஜெர்மனியில் மாதா கோயில் ஆர்கனுக்கும் பாடகர் குழுவுக்கும் எழுதிவைத்த பாட்டுகள் உண்டு. பிற்காலத்துக் கண்டக்டர்கள் சிலர் அவற்றைப் பெரிய வாத்தியக் குழுவுக்கு மாற்றி எழுதினார்கள். ஆர்கனில் ஒருத்தர் இரண்டு கையாலும் இரண்டு காலாலும் வாசிப்பதை நூறு பேருக்குப் பங்கு பிரித்துக் கொடுப்பது. பட்டாளத்தில் அப்படி ஒரு பாட்டை வாசித்த அன்றைக்கு அண்ணன் தூங்கவில்லையாம். நம் பேண்டுக்கும் இப்படி எழுத வேண்டும் என்று அப்போதே முடிவு செய்துவிட்டார்.

ஊர் திரும்பி கூலிமில் ஒரு தொழிற்சாலைக்குக் காவல் வேலைக்குப் போனார். கேட்டுப் பக்கத்துக் காவல் கூண்டில் உட்கார்ந்து நோட்டு எழுதுவார். லூனாஸ், கூலிம் பக்கத்து ஆட்களைப் பிடித்து எங்கள் பேண்டைச் சேர்த்தார். பதினொரு பேர். முதலில் நாலு குரலில் பாடும் பழைய துதிப்பாட்டுகளை எழுதினார். மாதா கோயில் திருவிழாவில் வாசித்தோம். பாதருக்குப் பிடித்திருந்தது.

அதன் பிறகுதான் அந்தப் பெரிய ஆர்கன் பாட்டில் கையை வைத்தார். நாலு வருடம் எழுதினார். காலால் மிதிக்கும் பங்கு எனக்கு. வலது கைப் பங்கு கார்னெட் வாசிக்கும் ரவிச்சந்திரனுக்கு. நடுவில் ஓடுவது ஹார்ன் வாசிக்கும் பாப்பம்மா அக்காவுக்கும் யூஃபோனியத்துக்கும். யார் எந்த இடத்தில் மூச்சு இழுப்பது என்று சிவப்புப் பென்சிலில் கோடு போட்டிருந்தார். கோடு தவறினால் பிடரி.

"இது எப்படிப்பட்ட பாட்டு தெரியுமா?" என்று முதல் நாள் கேட்டார். "ஒருத்தன் ஓடுறான். அதே வழியில ரெண்டாவது ஆளு பாராங் கத்தியத் தூக்கிக்கிட்டுத் தொரத்துறான். அவன மூணாவது ஆளு. அவன நாலாவது ஆளு. கடைசியில நாலு பேரும் ஒரே எடத்துல மோதிக்கிறான். அப்புறம் தாளத்துல மூணு தட்டு, ஒரு சத்தமும் இல்ல. எவன் செத்தான், எவன் பொழச்சான்னு தெரியாது. அதுக்குப் பெறவுதான் முடிவு வருது."

"எங்க தாமான் குடியிருப்புல தெனமும் நடக்கிறதுதானே இது. இதுக்கு எதுக்கு ஜெர்மன்காரன்?" என்றார் பாப்பம்மா அக்கா. கையுறைத் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் பொம்பளை. அண்ணன் கை ஓங்காத ஒரே ஆள் அவர்தான். ஓங்கினால் திரும்ப வரும் என்று அண்ணனுக்குத் தெரியும்.

அந்த மூன்று தட்டு மௌனம்தான் அண்ணனுக்கு உயிர். பட்டாளத்தில் வாசித்த பாட்டில் கண்டக்டர் அந்த இடத்தில் டிரம்மை உருளவிட்டிருந்தாராம். "பயந்தாங்கொள்ளி. எழுதினவன் வெட்டி வச்ச பள்ளத்த மண்ணு போட்டு மூடிட்டான்" என்று திட்டுவார். நம் பேண்டில் அது மூடப்படாது. ஒரே ஒரு தடவையாவது ஊர் முன்னால் முதலிலிருந்து கடைசி வரை அதை வாசித்துவிட வேண்டும். வேறு ஆசை எதுவும் அவர் சொல்லிக் கேட்டதில்லை.

கூலிமில் ஒரு கல்யாண மண்டபத்தில் முயற்சி செய்தோம். ஆறு நிமிடம் போனது. மாப்பிள்ளையின் கூட்டாளி ஒருத்தன் மேடைக்குக் கீழே வந்து நின்றான்.

"என்னலா இது, பேய் ஓட்டுறீங்களா? குத்துப் பாட்டு போடுங்கலா!" என்று பன்னீர்ச் செம்பைத் தூக்கி எறிந்தான். அது ரவிச்சந்திரன் தோளில் பட்டது. அண்ணன் குச்சியைக் கீழே வைத்தார். மேடையை விட்டு இறங்கினார். ஒரே குத்து. மூக்கு எலும்பு உடைந்த சத்தம் எனக்கு மேடை மேலேயே கேட்டது. அவர்கள் நாற்பது பேர். நாற்காலிகள் பறந்தன. மணப்பெண்ணின் தாய்மாமன் வாழைமரத்தைப் பிடுங்கிக்கொண்டு வந்தார். நாங்கள் வெளியே வந்தபோது என் டியூபாவின் வாய்க்குள் ஒரு நாற்காலிக் கால் சொருகியிருந்தது.

"ஆறு நிமிசம்" என்றார் அண்ணன், வாயில் ஊறிய ரத்தத்தைத் துப்பிவிட்டு. "இன்னும் மூணு நிமிசம் வுட்டிருந்தா முடிச்சிருப்போம்."

பிறகு போன வருடம் செர்டாங்கிலிருந்து ஆள் வந்தது. காளிதாசன் செத்துப்போனான். பெயரைக் கேட்டாலே கடை சாத்தும் ரகம். சாப்பாட்டுக் கடையில் வைத்து வெட்டிவிட்டார்கள். முகத்தைப் பார்க்க முடியாது என்று பெட்டியை மூடியே வைத்திருந்தார்கள். அவன் தம்பி புவனேசன் உறுமி மேளம் பேசிவிட்டான். அம்மா செல்லாயிதான் வேண்டாம் என்றாராம்.

நாங்கள் போனபோது அந்தம்மா அண்ணனிடம் நேரே சொன்னார்: "உறுமி அடிச்சா பையனுங்களுக்கு வெறி ஏறும்யா. பெட்டிய எறக்கிறதுக்குள்ள பழிக்குப் பழின்னு கெளம்பிருவானுங்க. ஒரு புள்ள போனது போதும். அழுவுற மாதிரி எதையாச்சும் ஊதுங்க."

அண்ணன் முகம் மாறியதைப் பார்த்தேன். அந்தப் பாட்டை வாசிக்க அவருக்கு இடம் கிடைத்துவிட்டது.

எங்கள் பக்கத்துச் சாவு வீட்டில் ஒரு கட்டு உண்டு. பெட்டியைத் தோளில் தூக்கிய நேரம் முதல் முச்சந்தியைத் தாண்டும் வரை சத்தம் நிற்கக் கூடாது. ஊதுகிறவன் களைத்தாலும் டிரம் ஓட வேண்டும். நின்றால் செத்தவன் திரும்பி வீட்டைப் பார்ப்பான், துணைக்கு இன்னொருத்தரைக் கூப்பிடுவான். எல்லாருக்கும் தெரிந்ததுதான், அண்ணனுக்கும் தெரியும்.

"அண்ணே, அந்த மூணு தட்டுக்கு டிரம்ம ஓட வுட்டுருவோம். ஒரு நாளைக்குத்தானே" என்றான் ரவிச்சந்திரன்.

"வுட்டா குச்சியோட கையையும் சேத்து முறிப்பேன்."

ஆனால் அவர் கண்மூடித்தனமாக இறங்கவில்லை. காலையிலேயே வீட்டு வாசலிலிருந்து முச்சந்தி வரை நடந்து அளந்தார். முந்நூற்றுத் தொண்ணூறு அடி. மெதுநடையில் தட்டுக்கு ஓர் அடி வைத்தால், மௌனம் வருவது நானூற்று எண்பதாவது அடியில். "முச்சந்தியத் தாண்டி தொண்ணூறு அடி போயிருவோம். அப்புறம் நின்னா என்ன, படுத்தா என்ன?" என்றார்.

அங்கேதான் தப்பு. அவர் எண்ணியது பட்டாளத்து அடி. பெட்டியைத் தூக்கியது காளிதாசனின் பையன்கள், கறுப்புச் சட்டைக்காரர்கள். அவர்கள் எங்கே நேராக நடப்பார்கள்? நாலடி முன்னால், இரண்டடி பின்னால். பெட்டியைத் தலைக்கு மேல் ஆட்டுவது. வெடிச் சரம் வெடித்து முடியும் வரை நிற்பது. இருபத்தொரு வருடப் பட்டாளத்தில் செத்தவனைத் தூக்கிக்கொண்டு ஆடுகிறவனை அண்ணன் பார்த்ததில்லை.

பேண்டு முன்னால், பெட்டி பின்னால். அண்ணன் எங்களைப் பார்த்தபடி பின்பக்கமாக நடந்து கை வீசினார். பெட்டி பின்தங்குவது அவருக்குத் தெரிந்தது. அவர் தோளுக்கு மேலே முச்சந்தி எட்டத்தில் நிற்பது எனக்குத் தெரிந்தது. பெட்டியை விட்டு நாங்கள் தனியாகப் போக முடியாது. பாட்டையும் திருப்பிப் போட முடியாது. துரத்துகிறவனைப் பாதியில் திரும்ப ஓடவைத்தால் அது பாட்டே இல்லை. பாட்டை மெதுவாக்கி இழுத்துப் பார்த்தார். இழுக்க இழுக்க எங்களுக்கு மூச்சு போதவில்லை. யூஃபோனியக்காரன் முகம் கத்தரிக்காய் நிறமாகிவிட்டது.

நாலு குரலும் மோதும் இடம் வந்தபோது முச்சந்திக்கு இன்னும் நாற்பது அடி. டிரம்காரர் குச்சியைத் தூக்கிக்கொண்டு அண்ணனைப் பார்த்தார். ஒரு தலையசைப்பு போதும். அண்ணன் பெட்டியைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். வலது கையை முஷ்டியாக மூடினார்.

பதினொரு பேரும் நிறுத்தினோம்.

ஒரு தட்டு. தார் ரோட்டில் செருப்புகள் உரசுவது மட்டும் கேட்டது.

இரண்டாம் தட்டு. "காளீ..." என்று செல்லாயி அம்மாவின் குரல். காலையிலிருந்து அவர் கத்திக்கொண்டுதான் இருந்தார். வெடியிலும் பித்தளையிலும் யாருக்கும் கேட்கவில்லை. இப்போது தெரு முழுக்கக் கேட்டது. ஆடிக்கொண்டிருந்த பையன்கள் அப்படியே நின்றார்கள்.

மூன்றாம் தட்டு வரவில்லை. புவனேசன் வந்தான்.

"எவன்டா நிறுத்தினது? எங்கண்ணன் திரும்பிப் பாக்குறான்டா! அடுத்து யாருடா போறது, நானாடா?" கையில் இருந்த ஹெல்மெட்டால் அண்ணன் தலையில் அடித்தான். அண்ணன் விழவில்லை. அவன் கட்டை விரலைக் கடித்து விடாமல் தொங்கினார். பெட்டியை ரோட்டில் போட்டுவிட்டு மற்றவர்களும் ஓடி வந்தார்கள். மோட்டார் சங்கிலி வந்தது. கழி வந்தது. ரவிச்சந்திரன் குனிய மறந்து நின்றான், உதடு கிழிந்து தொங்கியது. டிரம்காரர் டிரம்மோடு ரோட்டோரச் செம்பனைத் தோட்டத்துக்குள் ஓடினார். அவர் பின்னால் யூஃபோனியம், அதன் பின்னால் மற்றவர்கள். பாப்பம்மா அக்கா ஹார்னைத் திருப்பிப் பிடித்து ஒருத்தன் முட்டியில் போட்டார். நான் டியூபாவோடு ஒருத்தன் மேல் விழுந்தேன், அவ்வளவுதான் என்னால் ஆனது. அண்ணன் தரையில் கிடந்தார். புவனேசன் ஒரு காலால் அவர் வலது கையை மிதித்துக்கொண்டு, பாராங்கின் பின்பக்கத்தால் அந்தக் கையில் மூன்று போடு போட்டான். பச்சை மூங்கில் முறிகிற சத்தம்.

நாலாவது போடு விழாமல் தடுத்தது செல்லாயி அம்மாதான். ரோட்டில் கிடந்த பெட்டியை உள்ளங்கையால் அறைந்து கத்தினார்.

"புவனேசா! ஒங்கண்ணன் நடு ரோட்டுல கெடக்கான்டா! கெட்ட நேரம் எது, அவங்க நிறுத்தினதா, நீ கீழ போட்டதா? தூக்குடா அவன! யோவ், நீங்க ஊதுங்கய்யா. எம்புள்ளய இப்படியே வுட்டுட்டுப் போயிராதீங்க. ஊதுங்க!"

புவனேசன் பாராங்கைப் போட்டுவிட்டுப் பெட்டிப் பக்கம் போனான். அழுதான். தூக்கினார்கள்.

ஊத நான் வாயை வைத்தேன். ஆனால் கை காட்டாமல் எப்படித் தொடங்குவது? அண்ணனைப் பார்த்தேன். தார் ரோட்டில் மல்லாந்து கிடந்தார். இடது கை எழுந்தது. மூன்றாம் தட்டைப் போட்டார்.

நாங்கள் மூன்று பேர்தான் வாசித்தோம். நான், பாப்பம்மா அக்கா, கிழிந்த உதட்டோடு ரவிச்சந்திரன். அவன் கார்னெட்டிலிருந்து சத்தத்தோடு ரத்தமும் வந்தது. முடிவு பதினொரு வரி. முச்சந்தி தாண்டும் வரை அதையே திரும்பத் திரும்ப ஊதினோம்.

அரசாங்க ஆஸ்பத்திரியில் அண்ணன் கைக்கு இரும்புத் தகடு வைத்தார்கள். போலிஸ் ரிப்போட் கொடுக்கவில்லை. "குடுத்தா அடுத்த சாவுக்கு எவன் கூப்பிடுவான்?" என்றார். தையல் போட்ட தலையைத் திருப்பி என்னிடம் கேட்ட முதல் கேள்வி: "முடிவு வரைக்கும் போச்சா?"

"போச்சுண்ணே."

"யார் யார் வாசிச்சீங்க?"

சொன்னேன். இடது கை விரலை மடக்கி எண்ணினார்.

"மூணு பேரா? நாலு குரல்டா அது. யூஃபோனியம் எங்க?"

"செம்பனைக்குள்ள" என்றார் பாப்பம்மா அக்கா. "இன்னும் ஓடிக்கிட்டு இருப்பான், பாவம்."

"அப்ப முழுசா வாசிக்கல" என்றார் அண்ணன். அவர் கண் கலங்கி நான் பார்த்தது அப்போதுதான். எனக்குக் கோபம் வந்தது. உதடு கிழிந்தவன் நிற்கிறான், இவருக்கு ஒரு குரல் குறைந்ததா கவலை என்று. திட்டிவிட்டு வெளியே போய் இரண்டு சிகரெட் குடித்தேன்.

திரும்பி வந்தபோது நர்சிடம் பேனா வாங்கி வைத்திருந்தார். சாப்பாட்டு அட்டையின் பின்பக்கத்தில் இடது கையால் நோட்டு எழுத ஐந்து கோடு போட்டுக்கொண்டிருந்தார். கோடு நண்டு நடந்த மாதிரி இருந்தது. யூஃபோனியத்தின் பங்கை எடுத்துப் பாதியை ஹார்னுக்கும் பாதியை எனக்கும் கொடுத்திருந்தார். எனக்கு மூச்சு இழுக்க இடமே இல்லை.

"என்னண்ணே இது?"

"நிக்கிற ஆளு மூணு பேருன்னா மூணு பேருக்குத்தான் எழுதணும். நூறு பேருக்கு எழுதுறதுக்கு வேற ஆளு இருக்கான்."

ரவிச்சந்திரன் தையல் போட்ட வாயால் குழறினான்: "அண்ணே, ஒதடு ஆற ஆறு வாரம் ஆவுமாம்."

அண்ணன் தலை நிமிரவே இல்லை. "மொதல் பக்கத்துலேர்ந்து மாத்தணும். எனக்கும் ஆறு வாரம் வேணும்" என்றார்.