கார்பைடு அப்பா, கேஸ் மாமா

புரொப்பேன் நல்லதா, அசெட்டிலின் நல்லதா என்று என்னிடம் வந்து கேட்காதவர்கள் ஆம்பூர் வட்டாரத்தில் பழைய இரும்புத் தொழிலில் கிடையாது. கேட்கத்தான் வேண்டும். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குப் பெரிய கும்பிடு போட்டவள் நான். இன்றைக்கு வாணியம்பாடியிலிருந்து ராணிப்பேட்டை வரை தோல் பதனிடுகிற எந்த ஷாப்பில் பாய்லர் ஓய்ந்தாலும், பிரித்துப் போட ஆள் தேடுகிறவர்கள் முதலில் என் வாசலுக்குத்தான் வருகிறார்கள். என் யார்டில் இரண்டு வகை சிலிண்டரும் நிற்கின்றன. நீளத் தகடு, நிதானமான வேலை என்றால் புரொப்பேன். ஒரே இடத்தில் சட்டென்று சூடேற்றி, வெட்டிவிட்டு விலக வேண்டும் என்றால் அசெட்டிலின். இரும்பைப் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவேன். எங்கே கற்றுக்கொண்டீர்கள் என்பார்கள். சாக்கடையில் என்பேன். சிரிப்பார்கள். நான் பொய் சொல்வதில்லை.

எனக்கு எட்டு வயது இருக்கும். அப்பாவும், அம்மாவின் தம்பியான என் மாமாவும் சேர்ந்து பழைய இரும்பு வெட்டினார்கள். ஆக்சிஜன் சிலிண்டர் இருவருக்கும் பொது. அதோடு சேர்த்து எரிக்கிற வாயு எது என்பதில்தான் தகராறு. அப்பாவிடம் ஒரு தகரப் பீப்பாய் இருந்தது. அதில் தண்ணீர் ஊற்றிக் கார்பைடு கல்லைப் போட்டால் அசெட்டிலின் குபுகுபுவென்று கிளம்பும். பூண்டு நாற்றம் அடிக்கும். அப்பா தெருமுனையில் வரும்போதே எனக்கு மூக்கில் தெரிந்துவிடும். மாமா அந்தக் காலத்திலேயே நாகரிகம் பார்த்தவர். யார் வீட்டு அடுப்புக்கு வந்ததோ, ஒரு சமையல் கேஸ் சிலிண்டரைக் கொண்டுவந்து இரும்பு வெட்டும் டார்ச்சில் மாட்டிவிட்டார். இன்று புரொப்பேன் என்று பெரிய பெயரோடு வருவதும் அதன் பங்காளிதான்.

அக்கா புருஷன் என்பதால் அவரும் அப்பாவை மாமா என்றுதான் கூப்பிடுவார்.

“மாமா, உன் பீப்பாய் ஒருநாள் படார்னு வெடிச்சு உன்னக் கொண்டுபோய் ஜோலார்பேட்டைல போடப்போவுது. டிக்கெட்டே வாணாம்.”

“போடா. சோறாக்குற நெருப்ப வச்சிக்கினு இரும்பு வெட்ட வந்துட்டான். உங்க அக்காகிட்ட குடு, கொழம்பு வைக்கட்டும்.”

தினமும் இப்படித்தான். இரண்டு பேரும் தோஸ்த் மாதிரிச் சிரித்துக்கொண்டே ஆரம்பிப்பார்கள், சாப்பாட்டுத் தட்டு ஆறும்வரை முடிக்க மாட்டார்கள். நான் அப்பா கட்சி. காரணமெல்லாம் தெரியாது. அப்பாவின் நெருப்பு நீலத்துக்குள் வெள்ளையாக, ஊசி மாதிரி நிற்கும். அதைவிட அழகான பொருளை நான் அதுவரை பார்த்ததில்லை.

பாலாற்றங்கரையில் மூடிக்கிடந்த ஒரு தோல் ஷாப்பைப் பிரிக்கும் வேலை அவர்களுக்குக் கிடைத்தது. ஒரு நாள் மத்தியானம் அம்மாவும் நானும் சாப்பாடு எடுத்துக்கொண்டு போனோம். அப்பாவும் மாமாவும் வெட்டிய துண்டுகளை லாரியில் ஏற்றி எடைபோடக் கொண்டுபோயிருந்தார்கள். காவலுக்கு இருந்த பாய் மட்டும் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தார்.

தோல் ஊறவைக்கும் தொட்டிகளிலிருந்து கழிவுநீர் போக அங்கே ஒரு பள்ளமான சாக்கடை உண்டு. இரண்டு முழம் அகலம் இருக்கும். அதன்மேல் வண்டி போய்வரப் பழைய ரயில் தண்டவாளங்களைத் துண்டுபோட்டு, இடைவெளி விட்டு வரிசையாகப் பதித்து, இரண்டு பக்கமும் சிமெண்டு பூசியிருந்தார்கள். தண்டவாளத்தைக் கண்டால் சும்மா இருப்பேனா? நான் ரயிலானேன். கூ என்று கத்திக்கொண்டு ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவினேன். பாசி வழுக்கியது. வலது கால் இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவே முட்டிக்கு மேல்வரை இறங்கி நின்றுவிட்டது.

அம்மா இழுத்தாள். பாய் இழுத்தார். இழுக்க இழுக்க முட்டி வீங்கியது. பக்கத்து தோல் ஷாப்பிலிருந்து ஆட்கள் ஓடிவந்தார்கள். கடப்பாரையால் நெம்பினார்கள். ரயிலையே தாங்கிய இரும்பு, கடப்பாரைக்கு அசையுமா? இரும்பு ரம்பத்தோடு வந்த ஒருவர் கொஞ்ச நேரம் அறுத்தார். தண்டவாளத்தில் ஒரு கீறல் விழுந்தது. எனக்கு எலும்புவரை உதறியது. அலறினேன்.

அப்போதுதான் பாய்க்கு அந்த யோசனை தோன்றியது. தோலைப் பதமாக்க மீன் எண்ணெய் தடவுவார்கள். எருமைத் தோலையே வழுக்க வைக்கிற சாமான், எட்டு வயசுப் பெண்ணின் கால் எம்மாத்திரம்? ஒரு டின் கொண்டுவரச் சொன்னார். அம்மா அதை வாங்கி என் காலிலும் தண்டவாளத்திலும் தாராளமாக ஊற்றினாள். நாற்றம் ஊரைத் தூக்கியது. கால் வரவில்லை.

லாரி திரும்பி வந்தபோது என் பாதம் எனக்கு மரத்துப்போயிருந்தது. எட்டிப் பார்த்த லாரி டிரைவர், என் காதில் விழும் என்ற நினைப்பே இல்லாமல், “இன்னும் நேரமாச்சுன்னா வேலூர் ஆஸ்பத்திரில கால எடுத்துருவாங்க” என்றார். அதுவரை வலிக்கு அழுதவள், அப்புறம் காலுக்கு அழ ஆரம்பித்தேன்.

அப்பா குனிந்து பார்த்தார். முகர்ந்தார். அவர் முகம் வெளுத்துப்போனது.

“எண்ணெய ஊத்துனது யாரு?”

“நான்தாங்க. வழுக்கிக்கினு வரும்னு…” என்றாள் அம்மா.

“ஆக்சிஜனும் எண்ணெயும் சேந்தா குப்புனு புடிக்கும்டி. கொளுத்துறதுக்கா ஊத்துன?”

அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். அப்பா அதற்குமேல் திட்டவில்லை. திட்ட நேரமில்லை. அம்மாவையும் பக்கத்து ஷாப் ஆட்களையும் விட்டுச் சவுக்காரம் போட்டு என் காலை, தண்டவாளத்தை, சாக்கடைக் கரையை எல்லாம் தேய்த்துத் தேய்த்துக் கழுவ வைத்தார். குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினார்கள். அந்த எண்ணெய் நாற்றம் போகும்வரை அப்பா தீக்குச்சியைத் தொடவில்லை. ஒவ்வொரு குடத்துக்கும் குனிந்து முகர்ந்து பார்த்தார்.

அதற்குள் மாமா தன் கேஸ் சிலிண்டரை உருட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

“மாமா, பேஜார் பண்ணாத. உன் கார்பைடு பேக்ஃபயர் அடிக்கும். பட்டுனு அடிச்சா நெருப்பு எங்க தெறிக்கும்னு சொல்ல முடியாது. கேஸ்ல அந்த வம்பே கெடயாது.”

“உன் கேஸ் கனம்டா. மேல போவாது, கீழ போய் உக்காரும். கீழ இன்னா இருக்குது? என் பொண்ணு கால் இருக்குது.”

மாமா வாயைத் திறந்தார். அப்பா விடவில்லை.

“தண்டவாளம் நல்ல தடிப்பு. உன் கேஸ்ல செவக்கிறதுக்கே நேரம் ஜாஸ்தி ஆவும். அதுக்குள்ள இந்தப் பக்கம் வரைக்கும் சூடு வந்துரும். கார்பைடுன்னா ஒரே எடத்துல குத்தி உள்ள போயிரும். டக்குனு வேல முடியும்.”

என்னைப் பிடித்திருக்கும் தண்டவாளத்தின் ஒரு முனையை வெட்டினால் போதும், கடப்பாரையால் தூக்கிவிடலாம். ஆனால் அந்த முனைக்கும் என் காலுக்கும் நடுவே ஒரு முழம்கூட இல்லை. இதெல்லாம் இப்போது எனக்குத் தெரிகிறது. அன்றைக்குத் தெரிந்தது ஒன்றுதான். நான் மாட்டிக்கொண்டு கதறுகிறேன், இவர்கள் சாப்பாட்டுச் சண்டையை இங்கேயும் போடுகிறார்கள்.

மாமா சிலிண்டரை விட்டார். “சரி, உன் நெருப்பு” என்றார்.

என் கட்சி ஜெயித்தது. அந்த அழுகையிலும் எனக்கு ஒரு பெருமை.

பக்கத்து ஷாப்பிலிருந்து பதம்பண்ணிய ஈரத் தோல்கள் வந்தன, சொட்டச் சொட்ட, வெளிர்நீல நிறத்தில். பாய்தான் ஓடி ஓடி வாங்கி வந்தார். எண்ணெய் யோசனைக்குப் பரிகாரம் போல. அப்பா ஒரு தோலை என் தொடையில் சுற்றினார். இன்னொன்றைப் பக்கத்து இடைவெளி வழியாகச் சாக்கடைக்குள் விட்டு, நெருப்பு வரப்போகும் பக்கம் என் காலை மறைத்துத் தொங்கவிட்டார். மூன்றாவதை முக்காடு மாதிரி என் தலையில் போட்டு, முகம் மட்டும் தெரியவிட்டார். தோல் ஐஸ் மாதிரி இருந்தது. அம்மா என் தோள்களைப் பிடித்துக்கொண்டாள்.

அப்பா பீப்பாயில் கல்லைப் போட்டார். பூண்டு நாற்றம் கிளம்பியது. டார்ச்சைப் பற்றவைத்து, குமிழைத் திருகித் திருகி, அந்த வெள்ளை ஊசியை வரவைத்தார். அதைத் தூக்கிக் கண்ணுக்கு நேரே பிடித்து ஒரு தடவை பார்த்தார்.

பிறகு என்னைப் பார்த்தார். பிறகு டார்ச்சை மாமாவிடம் நீட்டினார்.

“நீ வெட்டுடா.”

“நானா? உன் நெருப்புல எனக்கு அவ்ளோ பழக்கம் இல்ல மாமா.”

“நெருப்பு நெருப்புதான். புடி. எனக்கு வேற வேல இருக்குது.”

இன்னா வேலை? மகள் கால் போகிற நேரத்தில் வேறு என்ன வேலை? நான் நம்ப முடியாமல் பார்த்தேன். அப்பா எனக்குப் பின்பக்கமாகப் போய், அந்த ஈரச் சேற்றில், சாக்கடைக் கரையில், குப்புறப் படுத்துவிட்டார். ஜெயித்த மனிதன், ஊரே நின்று பார்க்கும்போது, முகத்தை மண்ணில் வைத்துப் படுத்துக்கொள்கிறார். எனக்கு மானம் போனது.

“பாப்பா, கீழ பாக்காத. மாமாவ மட்டும் பாரு” என்றது மண்ணிலிருந்து அப்பாவின் குரல்.

மாமாவைப் பார்த்தேன். அடடா, அதை நான் எப்படிச் சொல்வது? எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் அழகாகச் சொல்வார்கள். எனக்குத் தெரிந்த மாதிரி சொல்கிறேன். வெள்ளை ஊசி இரும்பைத் தொட்டது. இரும்பு கறுப்பாகவே இருந்தது. பிறகு வெட்கப்பட்ட மாதிரி ஓர் இடம் மட்டும் சிவந்தது. சிவப்பு ஆரஞ்சானது, மஞ்சளானது, ஒரு கண் திறந்த மாதிரி இருந்தது. மாமா கைப்பிடியை அழுத்தினார். ஆக்சிஜன் புஸ்ஸென்று சீறிக்கொண்டு உள்ளே போனது. இரும்பு எரிந்தது. விறகு எரியும், துணி எரியும், இரும்பு எரியுமா? எரிந்தது. தங்கத்தைக் காய்ச்சி ஊற்றின மாதிரி, மழை மாதிரி, தண்டவாளத்துக்கு அடியிலிருந்து பொன்பொன்னாய்ச் சாக்கடைத் தண்ணீரில் கொட்டியது. ஒவ்வொரு துளிக்கும் தண்ணீர் ஸ்ஸ் என்று கத்தியது. ஆவி எழுந்து மாமாவை மறைத்தது. ஆவிக்குள் அந்த வெளிச்சம் மட்டும் மெல்ல, மெல்ல, ஒரு விரற்கடை, இன்னொரு விரற்கடை என்று நகர்ந்துகொண்டே இருந்தது. நான் அழுகையை நிறுத்திவிட்டேன். கால் இருப்பதையே மறந்தேன். அதற்கப்புறம் எத்தனையோ கோயிலில் எத்தனையோ தீபாராதனை பார்த்திருக்கிறேன். கன்னத்தில் போட்டுக்கொள்கிறேன், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அன்று ஆம்பூர்ச் சாக்கடையில் நின்ற சாமி மறுபடி எனக்கு வரவில்லை.

ஒரு தரம் டார்ச் பட்டென்று அடித்தது. கூட்டம் ஐயோ என்றது. மாமா கையை எடுக்கவில்லை.

பிறகு தண்டவாளம் டங் என்று ஒரு சத்தம் போட்டது. “தூக்கு!” என்று மாமா கத்த, பக்கத்து ஷாப் ஆட்கள் கடப்பாரையைப் போட்டு நெம்ப, யாரோ என்னைக் கக்கத்தில் கைகொடுத்து உருவினார்கள். அம்மாவாக இருக்கும். கால் வந்துவிட்டது. ஒரு கொப்புளம் இல்லை. டிரைவர் என்னைத் தூக்கி வண்டியில் உட்காரவைத்துத் தன் பன்னைக் கொடுத்தார்.

கூட்டம் மாமாவைச் சுற்றிக்கொண்டது. பாய் அவரைக் கட்டிப்பிடித்தார். அப்பா கடைசியாக எழுந்தார். முகமெல்லாம் சேறு, தோள்வரை சாக்கடைத் தண்ணீர், இரண்டு கைகளிலும் நனைந்த துண்டைச் சுற்றிக்கொண்டிருந்தார். ஒருவரும் அவரைக் கவனிக்கவில்லை. நாங்கள் கொண்டுபோன சாப்பாட்டை அவர் தொடவும் இல்லை.

மறுநாள் அம்மா அப்பாவின் முழங்கைக்குக் கீழே மஞ்சள் பற்றுப் போட்டுக்கொண்டிருந்தாள். பொட்டுப் பொட்டாகச் சுட்டிருந்தது. இன்னாப்பா இது என்றேன். “லாரி சைலன்சர் பட்டுச்சு” என்றார். சரி என்று விளையாடப் போய்விட்டேன்.

முட்டி வீக்கம் வடிந்ததும் தெருவெல்லாம் கதை சொன்னேன். எங்க மாமாதான் வெட்டுனாரு, எங்கப்பா பயந்துக்கினு படுத்துக்கினாரு என்று, அப்பாவை வைத்துக்கொண்டே சொன்னேன். மாமா, “ஏய், வாய மூடு” என்று கையை ஓங்கிக்கொண்டு வந்தார். அப்பா அவரைத் தடுத்து, “உண்மதானடா சொல்றா, சொல்லட்டும்” என்றார். அன்றைக்கு அப்பா கட்சியிலிருந்து விலகி மாமா கட்சியில் சேர்ந்தேன். அதை அப்பாவிடமே போய் அறிவிக்கவும் செய்தேன்.

ஒன்றை மட்டும் நான் அந்தக் கதையில் சேர்க்கவில்லை. யாரும் நம்ப மாட்டார்கள் என்று எனக்குள்ளேயே வைத்துக்கொண்டேன். இரும்பு பொன்னாகக் கொட்டிக்கொண்டிருந்த அந்த நேரம் முழுக்க, சாக்கடைக்குள் என் காலை மறைத்துத் தொங்கிய ஈரத் தோல் என்னை இறுக்கிப் பிடித்திருந்தது. நடுங்கிக்கொண்டே இருந்தது. செத்த மாட்டின் தோலுக்குக்கூட நெருப்பென்றால் இத்தனை பயம் இருக்குமா என்று நான் ஆச்சரியப்பட்டுக்கொண்டிருந்தேன்.