ஹோபர்ட் கொடுத்த மான் ஸ்கோப்

ஐவா கோடிலிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளாதவர்கள் ஸ்டில்ஹவுஸ் பள்ளத்தாக்கில் கிடையாது. கென்டக்கி மலையில் அந்தப் பள்ளத்தாக்கே ஒரு கைப்பிடி வீடுகள்தான், ஆனாலும் ஒருவரையும் விட்டு வைத்ததில்லை. பள்ளிக்கூடத்தில் சமையல் வேலை. பிள்ளைகள் தட்டில் மிச்சம் வைத்தால் அவர்களை விட்டுவிட்டு அவர்களைப் பெற்றவளைத் திட்டுவாள். கட்டினவன் ஒருவன் இருந்தான். குடிக்கக் காசில்லாமல் அவள் அப்பாவின் துப்பாக்கியை அடகு வைக்கப் போனான்; கடைக்காரன் வாங்க மறுத்து அவன் திரும்பி வந்தபோது அவனுடைய சட்டை, கால்சட்டை எல்லாம் ஓடையில் போய்க்கொண்டிருந்தன. அன்றோடு அவள் தனிக்கட்டை. அதற்காக ஒருநாளும் வருத்தப்பட்டதில்லை என்பாள். நம்பித்தான் ஆக வேண்டும், மறுத்துப் பேசி யார் மாட்டிக்கொள்வது?

எல்லா வம்புக்கும் மூலம் அந்தத் துப்பாக்கி. அணில் சுடுகிற பழைய ரைஃபிள், சின்னத் தோட்டா போடுகிற இருபத்திரண்டு காலிபர். அப்பா சாகும்போது அதை மூத்தவன் ஹோபர்ட்டுக்குக் கொடுக்காமல் இவளுக்குக் கொடுத்தார். ஹோபர்ட் தோட்டாவை வீணடிக்கிறவன் என்பது அவர் எண்ணம். மகன் குத்துக்கல் மாதிரி இருக்க மகளுக்கா என்று அன்றைக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டவன்தான் ஹோபர்ட். இரண்டு பேருக்கும் தலை நரைத்தும் அந்த முகம் நேராகவில்லை.

ஆகஸ்ட்டில் அணில் வேட்டை தொடங்குகிற சனிக்கிழமை, கோடில் குடும்பம் முழுக்க ஹோபர்ட் வீட்டு முற்றத்தில் கூடும். விடியலில் ஆளுக்கொரு பக்கம் காட்டுக்குள் போய், சுட்டதைக் கொண்டுவந்து பலகையில் போட வேண்டும். குண்டு தலையில்தான் பட்டிருக்க வேண்டும். உடம்பில் பட்டுக் கறி கெட்டிருந்தால் அது நாய்க்கு. சுட்டவருக்கு வருஷம் பூராவும் கிண்டல். ரவை சிதறுகிற ஷாட்கன்னை அன்றைக்கு எடுத்தால் அவனைக் கோடில் என்றே சொல்ல மாட்டார்கள்.

போன வருஷம் ஐவா கொண்டுவந்ததெல்லாம் வயிற்றில் அடிபட்டவை. ஹோபர்ட் அதில் ஒன்றை வாலைப் பிடித்துத் தூக்கி எல்லோருக்கும் காட்டினான்.

"கண்ணு போச்சு உனக்கு. ஒத்துக்க. அடுத்த வருஷமும் இதே கதைன்னா அப்பா துப்பாக்கி என் வீட்டுக்கு வந்துரணும்."

"எடுத்துக்கோயேன்," என்று சொல்லிவிட்டாள். அத்தனை பேர் முன்னால் சொன்னது. ஆத்திரத்தில் விட்ட வார்த்தையை அள்ளவா முடியும்?

கண் போனது உண்மைதான். குழல் நுனியில் குறிபார்க்க இருக்கும் குமிழ் அவளுக்கு மங்கலாகிக் கொஞ்ச நாளாயிற்று. குழல்மேல் ஸ்கோப், அதாவது குறிபார்க்கிற தூரக்கண்ணாடி, மாட்டினால் தீரும். ஆனால் அணில் துப்பாக்கியில் ஸ்கோப் மாட்டியவனை எல்லாம், நட்சத்திரம் பார்க்கவா போகிறாய் என்று கேட்டு மானத்தை வாங்கியவள் அவள்தான். இப்போது எந்த முகத்தோடு கடைக்குப் போவது?

அந்த நேரம் பார்த்து ஜூலையில் ஹோபர்ட்டே வந்தான். கையில் சப்பாத்திக் கட்டை பருமனுக்கு ஒரு ஸ்கோப்.

"இந்தா. என் இருபத்திரண்டுல கிடந்தது. நான் இப்ப மாட்டறதில்ல."

ஹோபர்ட் சும்மா கொடுக்கிற ஆள் இல்லை. சந்தேகப்பட்டுக்கொண்டே வாங்கி மாட்டினாள். கொல்லையில் ஹிக்கரி மரத்தில் ஒரு சோடா மூடியை ஆணியடித்து, அணில் உட்காருகிற தூரத்தில் நின்று சுட்டாள். மரம் பட்டது, மூடி படவில்லை. எத்தனை முறை திருகித் திருத்தினாலும் ஒன்று இடப்பக்கம், ஒன்று வலப்பக்கம். கை நடுங்குகிறதோ என்று பார்த்தாள், நடுங்கவில்லை. அப்படியானால் கண்தான். படியில் உட்கார்ந்து அழுதாள். கட்டினவன் போனபோது வராத அழுகை.

அழுது முடித்துத் துப்பாக்கியை வேலிக்கட்டையில் அசையாமல் சாத்திவிட்டு, கடைசியாக ஒருமுறை சும்மா கண்ணை வைத்துப் பார்த்தாள். தலையைக் கொஞ்சம் நகர்த்தினாள். துப்பாக்கி அசையவில்லை, உள்ளே இருந்த குறுக்குக்கோடு மட்டும் மூடியைத் தாண்டி நழுவிப் போனது. தலையை மறுபக்கம் நகர்த்தினால் கோடும் மறுபக்கம். அப்படியே மேய்ச்சல் நிலத்துக்கு அந்தப்புறம், மான் நிற்கிற தூரத்தில் இருந்த வேலிக்கம்பைப் பார்த்தாள். தலையை எப்படி ஆட்டினாலும் கோடு ஆணி அடித்ததுபோல நின்றது. மானுக்காகச் செய்த கண்ணாடி. அணில் தூரத்தில் அது பொய் சொல்லும்.

"படுபாவி," என்றாள் வாய்விட்டு. "தெரிஞ்சே கொடுத்திருக்கான்."

அந்த ஆத்திரத்தில் வெட்கம் எங்கோ பறந்துவிட்டது. நேரே டார்சியின் இரும்புக் கடைக்குப் போனாள். டார்சி சிரிப்பை அடக்கிக்கொண்டு, இருப்பதிலேயே பெரிதும் விலை கூடினதுமான ஸ்கோப்புகளை எடுத்து வரிசையாக வைத்தான். அவள் ஒவ்வொன்றையும் நாய்த்தீனி மூட்டைமேல் வைத்து, கடைக்கோடியில் இருந்த பெயின்ட் டப்பாவைப் பார்த்துத் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினாள். ஒன்றில் கோடு நழுவியது. இன்னொன்று அத்தனை பெரிதாகக் காட்டியது, டப்பா எங்கே இருக்கிறது என்று தேடவே நேரம் பிடித்தது. ஆகஸ்ட் மாத இலைகளுக்குள் அதை வைத்துக்கொண்டு அணிலைக் கண்டுபிடித்த மாதிரிதான். ஒவ்வொன்றுக்கும் ஒரு வசை பாடினாள். கடைசியில், ஆணியில் தொங்கிய பிளாஸ்டிக் உறைக்குள் இருந்த ஒல்லிக் குச்சியைக் கழற்றச் சொன்னாள். நாலு மடங்குதான் பெரிதாக்கும். இருபத்திரண்டுக்கென்றே செய்தது. கோடு அவ்வளவாக நகரவில்லை.

"ஐவாக்கா, இது இருக்கறதுலயே மட்டம். சின்னப் பசங்க மாட்டறது," என்றான் டார்சி.

"அணிலும் சின்னதுதான். கட்டிக் கொடு."

வேட்டை நாளும் வந்தது. வழக்கம்போல ஹோபர்ட் மட்டும் மலைக்கு அந்தப் பக்கம் தனியாகப் போனான். வழக்கம்போல அவன் அணில்கள் தோலுரித்து, தலை வெட்டி, சுத்தமாகக் கழுவித்தான் பலகைக்கு வந்தன. பெண்களுக்கு வேலை வைக்கக் கூடாதாம். சில வருஷமாகவே அப்படித்தான். எவ்வளவு நல்ல மனசு என்று மற்றவர்களும் மெச்சிக்கொண்டார்கள்.

ஐவா தன்னுடையதைத் தலையோடு போட்டாள். ஹோபர்ட் ஒவ்வொன்றையும் புரட்டிப் புரட்டிப் பார்த்தான். காதுக்குக் கீழே ஒரு துளை, அவ்வளவுதான். துப்பாக்கி தோளிலிருந்து இறங்காமலேயே அவள் கையைக் கழுவிக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தாள். துப்பாக்கி அவளுடையதுதான் என்று ஆகிவிட்டது. அவளுக்கு அது போதவில்லை. கொடுத்ததற்குத் திருப்பிக் கொடுக்காமல் அவளுக்குச் சோறு இறங்காது.

அணில் கறி கிரேவியும் சூடான ரொட்டியும் வந்தன. ஹோபர்ட்டின் அணில்கள் வெந்த சட்டியிலிருந்து ஐவா எடுத்து வாயில் போட்ட முதல் துண்டிலேயே பல்லில் ஏதோ நறுக்கென்று பட்டது. விரலில் எடுத்துப் பார்த்தாள். ஈய ரவை. ஷாட்கன் ரவை.

எதிரே ஹோபர்ட் கறியை நாக்கால் துழாவித் துழாவி மென்றுகொண்டிருந்தான்.

அப்போதுதான் அவளுக்கு எல்லாம் விளங்கியது. இவளுக்கென்று தேடிப் பிடித்துச் செய்த சூது இல்லை அது. அவனும் அந்த ஸ்கோப்பை மாட்டி, அணிலைக் குறிவைத்து, வருஷக்கணக்கில் தவறவிட்டிருக்கிறான். கண்ணாடியைச் சந்தேகிக்கவே இல்லை. தன் கண் போய்விட்டது என்று நம்பி, ரைஃபிளைத் தூக்கிப் போட்டுவிட்டு, யாருக்கும் தெரியாமல் ஷாட்கன்னோடு மலைக்கு அந்தப் பக்கம் போயிருக்கிறான். கண் போனவர்களுக்கு ஸ்கோப்பும் உதவாது, தன்னைப் போலத் தங்கையும் தவறவிடட்டும் என்று கொடுத்திருக்கிறான்.

ரவையை அவன் தட்டு ஓரத்தில் வைத்தாள். வேறு யாரும் பார்க்கவில்லை. ஹோபர்ட் அதைக் கட்டைவிரலால் மூடிக்கொண்டான். காதெல்லாம் சிவந்துவிட்டது.

"சொல்லிராத ஐவா," என்றான், அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி. "கண்ணு தெரியல எனக்கு. நான் என்ன செய்ய?"

கண்ணில் ஒன்றுமில்லை, கண்ணாடிதான் கோளாறு, டார்சி கடையில் ஆணியில் தொங்குகிறது பார் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அடுத்த வருஷம் அவனும் ரைஃபிளோடு வருவான். அந்த வார்த்தை அவள் நாக்கு நுனி வரைக்கும் வந்தது.

"கண்ணு போச்சுன்னா போச்சுதான் அண்ணே," என்றாள். கிரேவிச் சட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.