செல்வியோட பச்சப் பொட்டு

பிரஸ் மை வாசம்... இன்னைக்கும் எங்கயாச்சும் புதுக் காலண்டரப் பிரிச்சா மூக்குல மொதல்ல ஏறுறது அதுதான்.

அப்ப எங்க ஊரு திருத்தங்கல்ல கீழ பிரிண்டிங் பிரஸ், மேல எங்க ஐடி கம்பெனி. ஐடின்னதும் கண்ணாடி மாளிகைன்னு நெனச்சிராதீக. ஒரே ஹால். கிறுகிறுன்னு சுத்துற ஃபேன், ஜன்னலுக்கு வெளிய ஒரு வேப்பமரம். சென்னை ஆபீசுக்கு டேட்டா ஏத்திக் குடுக்குற வேலை. நான் டீம் லீடர். பேருதான் லீடர்... பாத்ததெல்லாம் பொட்டுதான்.

ஆமா, பொட்டு! ஒவ்வொருத்தர் பேருக்கும் பக்கத்துல ஒரு பொட்டு என் ஸ்கிரீன்ல தெரியும். மவுஸ் அசைஞ்சா பச்சை. கொஞ்ச நேரம் அசையலைன்னா சாம்பல். சாம்பலா கெடந்த நேரத்தையெல்லாம் அந்த சாப்ட்வேரே கூட்டி, சாயங்காலம் சென்னை மேனேஜருக்கு அனுப்பிரும். நெனச்ச நேரத்துல அவரே தொறந்தும் பாக்கலாம்.

காலண்டர் சீசன்ல நடந்த கூத்தக் கேளுங்க...

கீழ மெஷின் ஓட ஆரம்பிச்சா மேல எங்க டேபிளெல்லாம் தடதடன்னு அதிரும். மவுசும் தன்னால நடுங்கும். டீ குடிக்கப் போனாலும் பச்சை, சாப்பிடப் போனாலும் பச்சை! மேனேஜர் போன் போட்டு, "உங்கள மாதிரி உழைக்கிற பிராஞ்ச் வேற இல்லம்மா"ன்னு புகழ்ந்து தள்ளுவாரு. நாங்க வாயப் பொத்திக்கிட்டு சிரிப்போம்.

சீசன் முடிஞ்சு மெஷின் நின்னுச்சு. வெயில் ஏற ஏற ஊரே அரைத் தூக்கத்துல கெடக்குற மாதிரி ஒரு அமைதி. அப்பத்தான் செல்வி பொட்டு அடிக்கடி சாம்பலாகுறது தெரிய வந்துச்சு.

செல்வி புதுசா சேந்த பிள்ளை. இன்னும் பெர்மனன்ட் ஆகல. அவ அம்மாவுக்கு பட்டாசுக் கம்பெனில வெடிக்குள்ள மருந்து செலுத்துற வேலை.

எங்க பக்கம் ஒரு பழக்கம் உண்டு. தூரத்துல 'டொம்'முன்னு கேட்டா கை தன்னால நின்னுரும். கம்பெனில பட்டாச சும்மா வெடிச்சுப் பாக்குற சத்தமா, இல்ல விபத்தான்னு காது பிரிச்சுப் பாக்கும். ஆளாளுக்கு வீட்டுக்கு ஒரு போன்... "எங்க இருக்கீக?" "இங்கனதான்." அம்புட்டுத்தான், திரும்ப வேலை.

செல்விக்கு அந்த போன் கெடையாது. பட்டாசுக் கம்பெனிக்குள்ள செல்போன் கொண்டு போக விட மாட்டாக. அதனால அவ மொட்டமாடிக்கு ஓடுவா, எந்தப் பக்கம் புகை ஏறுதுன்னு பாக்க. புகை இல்லைன்னு மனசு நம்புற வரைக்கும் எறங்க மாட்டா. வந்து ஒக்காந்தா எங்க எல்லாரையும் விட வேகமா வேலைய முடிச்சிருவா. ஆனா அதெல்லாம் அந்தப் பொட்டுக்கு எங்க தெரியுது?

மேனேஜர் கூப்பிட்டாரு. "அந்தப் பொண்ணு சீட்லயே இல்லையேம்மா. இந்த மாசமும் இப்படின்னா அனுப்பிருவோம்."

வெவரத்தச் சொன்னேன். "எல்லார் வீட்லயும் ஒரு கஷ்டம் இருக்கும்மா"ன்னுட்டாரு. வந்த கோவத்துக்கு போனத் தூக்கி வேப்பமரத்துல எறிஞ்சிருப்பேன்.

செல்விகிட்ட சொன்னேன். அவ அழல. "பெர்மனன்ட் ஆனா அன்னைக்கே அம்மாவ வேலைய விட்டு நிறுத்திருவேன்க்கா. அதுக்குத்தான் இங்க வந்தேன். ஆனா சத்தம் கேட்டா என்னால ஒக்கார முடியலையேக்கா..."ன்னா.



அடுத்த சத்தம் கேட்டுச்சு. செல்வி ஓடுனா. பக்கத்து சீட்டு அன்வர் அண்ணே, எதுக்கெடுத்தாலும் சிடுசிடுன்னு எரிஞ்சு விழுவாரு. அவரு வலது கையால தன் வேலையப் பாத்துக்கிட்டே, இடது கைய நீட்டி செல்வி மவுச ஒரு உருட்டு உருட்டுனாரு.

"என்னண்ணே இது?"

"ஒன் வேலையப் பாரு தாயி. பிரஸ்தான் நின்னு போச்சே, இனி நாமதான் ஆட்டணும்."

என் ஸ்கிரீன்ல செல்வி பொட்டு பச்சை.

அதுக்கப்புறம் அவரு லீவுன்னா பின் சீட்டுக்காரக. அவகளும் இல்லைன்னா நானே. யாரும் யாருகிட்டயும் சொல்லி வைக்கல.

ஒருநாள் மத்தியானம்... சத்தம் பெருசு. ஜன்னலெல்லாம் கிடுகிடுன்னு ஆடிருச்சு. செல்வி ஓட, அன்வர் அண்ணனும் ஓட, நாங்க எல்லாருமே மாடில நின்னோம். அவ அம்மா வேலை பாக்குற பக்கமே புகை.

என் போன் அடிச்சுச்சு. மேனேஜர். "என்னம்மா, எல்லாமே சாம்பலா இருக்கு? சர்வர் டவுனா?"

"இல்ல சார். செல்வி அம்மா இருக்காகளான்னு பாத்துக்கிட்டு இருக்கோம்."

அவரு போன வைக்கல.

எம்புட்டு நேரமோ. வெள்ளை வெயில்ல அந்தப் புகை மட்டும் மெதுவா நகந்துக்கிட்டு இருந்துச்சு... கனவு மாதிரி இருக்கு இப்ப நெனச்சா. அப்புறம் யாரோட நம்பர்ல இருந்தோ செல்விக்கு அவ அம்மா போன் போட்டாக. "நான் வெளிய வந்துட்டேன் தாயி. வெடிச்சது பக்கத்துக் கம்பெனி. சாப்பாட்டு நேரம், அந்த ரூம்ல யாரும் இல்லையாம்." செல்வி அப்படியே தரையில ஒக்காந்துட்டா. நான் சொன்னதும், அந்தப் பக்கம் மேனேஜர் "அப்பாடா"ன்னது கேட்டுச்சு.

அந்த மாசமே அவளுக்கு பெர்மனன்ட் வந்துச்சு. சொன்ன மாதிரியே அம்மாவ நிறுத்திட்டா.

அதுக்கப்புறமும் ஒருநாள் சத்தம் கேட்டு செல்வி எந்திரிச்சா. "ஏ புள்ள, ஒங்கம்மாதான் வீட்ல இருக்காகளே!"ன்னேன்.

"யாரு அம்மாவாச்சும் உள்ள இருப்பாகள்லக்கா"ன்னுட்டு மாடிக்குப் போயிட்டா. அன்வர் அண்ணே இடது கைய நீட்டுனாரு.

இப்ப நான் பெங்களூர்ல. வீட்ல இருந்தே வேலை. பொட்டு இன்னும் இருக்கு, கூடவே கேமராவும் வந்துருச்சு. பால் பொங்குதுன்னு எந்திரிச்சாக் கூட சாம்பல்தான்.

போன தீபாவளி சமயத்துல தெருவுல எவனோ ஒரு வெடி போட்டான். கை நின்னுருச்சு. பால்கனிக்கு ஓடிட்டேன்... சுத்தி அடுக்குமாடி, எந்தப் பக்கம் பாக்குறதுன்னே தெரியல. கொஞ்ச நேரம் சும்மா நின்னேன்.

திரும்பி வந்து பாத்தா என் பொட்டு சாம்பலா கெடக்கு. பக்கத்துல சீட்டும் இல்ல, இடது கைய நீட்ட ஒரு அன்வர் அண்ணனும் இல்ல.