பத்தொன்பது சீசன்

குத்துக்கல்வலசை குறிஞ்சி கால்பந்து கிளப்பின் தடுப்பாட்டக்காரர் சுடலைராஜுக்கு வயது முப்பத்தொன்பது. பதினேழு வயதில் மூன்றாம் எண் பனியனைப் போட்டவர், வேறு பனியனைத் தொட்டதில்லை. பகலில் ஐந்தருவிக்கு ஆட்டோ ஓட்டுவார், மாலையில் மைதானம். எலுமிச்சை கமிஷன் கடையில் வேலை தருவதாகச் சொல்லிப் புளியங்குடி அணி கூப்பிட்டுப் பார்த்தது. "அங்கன வந்தா எங்க பயலுவ அடிக்க பந்த நானே தடுக்கணும்லா. பாவம், அவனுவளுக்கு கோலே விழாது" என்று சொல்லிவிட்டார். பெருமைக்குச் சொன்னதல்ல, நிஜமாகவே அப்படி நினைத்தார்.

இத்தனை வருடத்தில் வலசை அணிக்கு வராதது ஒன்றுதான்: மாவட்டக் கோப்பை. இந்த முறை இறுதிப்போட்டி வரை வந்தாயிற்று. எதிரே அதே புளியங்குடி. இதோடு ஓய்வு என்று வீட்டில் சொல்லிவிட்டுத்தான் வந்திருந்தார்.

முப்பத்தேழு வயது தாண்டியவர் ஆட, ஒரே கிளப்பில் இருபது சீசன் முடித்திருக்க வேண்டும் என்பது விதி. எப்போதும் செயலாளர் முப்பிடாதிதான் படிவம் நிரப்புவார். இன்று சுடலைராஜே நிரப்பியிருந்தார்.

கோயம்புத்தூரிலிருந்து வந்த நடுவர் கோகிலவாணி அதைப் பார்த்துவிட்டுப் பேனாவை மூடினார்.

"பத்தொன்பது சீசன்னு போட்டிருக்கீங்க. ஒண்ணு குறையுதுங்க. ஆட முடியாது."

முப்பிடாதி தலையில் கை வைத்தார். "ஏலே, இருவத்திரெண்டு வருசம்லா ஆடிருக்க. எண்ணத் தெரியாதா?"

"எண்ணித்தான் எழுதுனேன் அண்ணாச்சி. மூணு வருசம் சீசனே இல்லல்லா."

"அப்ப எங்க ஆடுனீங்க?" என்றார் நடுவர்.

"இங்கனதான் மேடம். ஆனா அருவில தண்ணி விழல."

கோகிலவாணிக்கு ஒன்றும் விளங்கவில்லை. சாரல் அடித்து அருவி கொட்டினால்தான் இந்த ஊரில் சீசன். பாறை காய்ந்து கிடந்த வருடத்தை எந்த ஆட்டோக்காரரும் கணக்கில் சேர்க்க மாட்டார்.

புளியங்குடி அணித்தலைவன் அருண்பாண்டி பக்கத்தில்தான் நின்றான். வாயை மூடிக்கொண்டிருந்தால் பாதிக் கோப்பை அவன் கையில்.

"நெசந்தான் மேடம், இவரு சொல்லுதது அருவி சீசன்," என்றான். "அந்த மூணு வருசமும் இவருகிட்டதான் மாட்டுனோம். காஞ்ச தரையில தள்ளிவிட்ட தழும்பு முட்டில இருக்கு, காட்டவா? இவரு இல்லாம ஜெயிச்சா ஊருல எவன் மதிப்பான்?"

நடுவருக்குச் சிரிப்பு வந்தது. "சரி, இருபத்திரெண்டு சீசன்னு திருத்துங்க."

"தண்ணி விழாத வருசத்த எப்படி மேடம் சீசன்னு எழுத?"

"எழுதுலே மூதி," என்றார் முப்பிடாதி.

சுடலைராஜ் 'சீசன்' என்ற சொல்லை அடித்தார்; 'வருடம்' என்று எழுதி இருபத்திரண்டு போட்டார். நடுவர் கையெழுத்திட்டார்.

வலசை ஒரு கோல் முன்னால் இருந்தபோது சாரல் இறங்கியது. கடைசி நிமிடத்தில் அருண்பாண்டி தனியாகப் பந்தோடு வந்தான். இளவட்டமாயிருந்தால் பாய்ந்திருப்பான். சுடலைராஜ் நின்றார். ஈரப் புல்லில் பந்து ஒரு முழம் கூடுதலாக வழுக்கும் என்று அவருக்குத் தெரியும். வழுக்கியது, நேராக அவர் காலுக்கே வந்தது. ஓங்கி உதைத்தார். இறுதி விசில் ஒலித்தது.

"நான் வாயத் தொறந்திருக்கக் கூடாது," என்றான் அருண்பாண்டி, கை கொடுத்தபடி. "அடுத்த சீசனாவது வீட்ல இருப்பியளா அண்ணாச்சி?"

சுடலைராஜ் மலைப்பக்கம் பார்த்தார்.

"தண்ணி விழட்டும்லே, பாப்போம்."