சனிக்கிழமை வந்த பெட்டைக்கோழி

எங்கள் வீட்டில் கோழிக்குழம்பு கொதிக்க வேண்டுமென்றால் ஊரில் யாருக்காவது குழந்தை பிறக்க வேண்டும். சிரிக்காதீர்கள், நிஜம். அம்மா ஜவ்வாது மலையில் கிராம நர்ஸ். துணை சுகாதார நிலையத்துக்குப் பின்னாலேயே எங்கள் குடித்தனம். பிரசவம் நல்லபடியாக முடிந்தால் அந்த வீட்டுக்காரர்கள் கோழியோடு வருவார்கள். ஆண் பிள்ளை என்றால் சேவல், பெண் என்றால் பெட்டை. அம்மா வேண்டாம் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். அவர்கள் பாட்டுக்கு வாசலில் கட்டிவிட்டுப் போய்விடுவார்கள். கோழியைப் பார்த்தே என்ன குழந்தை என்று நான் கத்துவேன். அதில் எனக்கு ஏகப்பட்ட பெருமை.

ஆனாலும் மலை எனக்குப் பிடிக்கவில்லை. அப்பாவுக்கு ஆலங்காயத்தில் வேலை, வாரக் கடைசியில்தான் மேலே வருவார். கீழே பரோட்டாக் கடை, ஐஸ் வண்டி, எந்நேரமும் அப்பா. மேலே பாதிச் சாப்பாட்டில் எழுந்து ஓடுகிற அம்மா. எப்போது கீழே போவோம் என்று அவளை அரித்து எடுத்துக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் ஒரு பெண்ணுக்குப் பிரசவம் சிக்கலாகிவிட்டது. ஆம்புலன்ஸ் மேலே ஏறி வருவதற்குள் குழந்தை பிறந்து, அழாமலே போய்விட்டது. தாய்க்கு ரத்தம் நிற்கவில்லை. அம்மா அவள் வயிற்றை அழுத்திப் பிடித்தபடியே வண்டியில் கூடப் போனாளாம். மறுநாள் திரும்பி வந்தாள். நேராகச் சிக்னல் கிடைக்கிற தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போய் அப்பாவுக்குப் போன் போட்டாள். நானும் பின்னாலேயே போய் நின்றேன்.

"என்னால முடியலங்க. அந்தப் புள்ள மூஞ்சியே கண்ணுல நிக்குது. இன்னாத்துக்கு எனக்கு இந்த வேல? எங்கள கூட்டினு போய்டுங்க."

நீண்ட லீவு கேட்டு எழுதிப் போட்டாள். அது கிடைப்பதற்குச் சில வாரங்கள் ஆயின. வருகிற சனிக்கிழமை குட்டியானை வண்டியோடு வருவதாக அப்பா சொன்னதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. பள்ளிக்கூடத்தில் எல்லோருக்கும் டாட்டா சொன்னேன். ஒருத்தி அழுதாள். நான் அழவில்லை.

சனிக்கிழமை காலை அம்மா பாத்திரங்களைச் சாக்கில் போட்டுக் கட்டிக்கொண்டிருந்தாள். வாசலில் புருஷன் பெண்டாட்டியாக இரண்டு பேர் வந்து நின்றார்கள். எனக்கு அவர்கள் யாரென்று தெரியவில்லை, அந்தப் பெண்ணின் கையில் இருந்த கோழிதான் தெரிந்தது.

"ஐ, பொம்பளப் புள்ள!" என்று கத்தினேன்.

என்னை அதட்டிக்கொண்டே வந்த அம்மா, அவளைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள். குழந்தையைப் பறிகொடுத்த பெண்.

"நீ இன்னாத்துக்குமா எழுந்து வந்த? கோழியெல்லாம் வேணாம்மா. நான் ஒண்ணுமே பண்ணலயே…"

அவள் அம்மாவுக்குப் பதில் சொல்லாமல் என்னைப் பார்த்துத்தான் சொன்னாள்.

"பொம்பளப் புள்ளதான் பாப்பா. நான்தான். உங்கம்மா என்னப் பொழைக்க வெச்சாங்கல்ல, அதுக்கு."

அம்மா கோழியை வாங்கினாள். வாங்கியவள் அதை மார்போடு அணைத்துக்கொண்டு ஓவென்று அழ ஆரம்பித்துவிட்டாள். அவள் அழுது நான் பார்த்ததே இல்லை. எனக்குப் பயமாகிவிட்டது. அந்தப் பெண்தான் அம்மாவின் முதுகைத் தடவிக்கொடுத்து, "அழாதீங்க நர்ஸம்மா, அழாதீங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

கொஞ்ச நேரம் கழித்து அம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அவளை உள்ளே உட்காரவைத்து, கண் இமையை இழுத்துப் பார்த்து, பிரஷர் பார்த்தாள். "இந்த ஒடம்போட இவள வண்டில ஒக்கார வெச்சி கூட்டினு வர்றியே, அறிவு இருக்குதா ஒனக்கு?" என்று புருஷனுக்கு நல்ல டோஸ் விட்டாள். பிறகு கஞ்சி வைக்கப் பாத்திரம் வேண்டியிருந்ததால் கட்டின சாக்கை அவிழ்த்தாள். கரண்டி எடுத்தாள், தட்டு எடுத்தாள். அவர்கள் போன பிறகும் எடுத்து அடுக்கிக்கொண்டே இருந்தாள்.

மத்தியானம் அப்பா வந்தார். "நீங்க சாப்ட்டு கெளம்புங்க, நாங்க வரல" என்றாள் அம்மா. அப்பா அவள் முகத்தைப் பார்த்துவிட்டுக் கை கழுவப் போய்விட்டார். வந்த வண்டி வெறுமனே போவானேன் என்று யாரோ பலாப்பழம் ஏற்றி அனுப்பினார்கள்.

நான் மண்ணில் விழுந்து புரண்டேன். ஊரெல்லாம் டாட்டா சொன்ன மானம் போயிற்றே! அழுது ஓய்ந்ததும் எனக்கு ஒரு யோசனை வந்தது.

"அந்தக் கோழிய திருப்பிக் குடுத்துட்டு நாம கீழ போய்டலாம்மா."

"அதத் திருப்பிக் குடுக்க முடியாதுடி."

ஏன் முடியாது? காலைக் கட்டித் தூக்கிக்கொண்டு போனால் ஆயிற்று. அந்த வீட்டுக்கு யாரைக் கேட்டாலும் வழி சொல்வார்கள். இதில் என்ன கஷ்டம் என்று எனக்கு விளங்கவே இல்லை.