இல்லாத சிறைக்குப் போட்ட இலை

ஜவ்வாது மலைப் பள்ளிக்கு ஓவிய ஆசிரியையாக மாற்றல் வந்தபோது, வாடகை அறையில் முதல் வேலையாக நான் மாட்டியது அந்தச் சிறைப் படத்தைத்தான். யாரோ ஒரு வெளிநாட்டுக்காரர் பல தலைமுறைகளுக்கு முன் செப்புத் தகட்டில் ஊசியால் கீறி, அமிலத்தில் அரிக்கவிட்டு அச்செடுத்த படம். என்னிடம் இருந்தது நகல். எங்கும் போய்ச் சேராத படிகள், வளைவுக்கு மேல் வளைவு, தொங்கும் கயிறுகள், எறும்பளவு மனிதர்கள். அப்படி ஒரு சிறை உலகத்தில் எங்கேயும் கிடையாது. முழுக்க அவர் மனதில் கட்டியது.

சொந்த ஊர் சந்தவாசலில் என் அம்மா, "கல்யாணம் ஆவாத பொண்ணு ரூம்ல மாட்ற படமாடி இது?" என்று தலையில் அடித்துக்கொள்வாள். எனக்கோ இடிந்த மண்டபம், இல்லாத சிறை என்றால் கல்லூரி நாளிலிருந்தே உயிர். வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு, மின்விசிறிக்குக் கீழே காலை நீட்டிக்கொண்டு பயப்படுவது ஒரு சுகம். அதற்கு ரசனை என்று பெயர் வைத்திருந்தேன்.

வீட்டுக்கார அக்கா தனியாக இருந்தாள். கணவர் ஆந்திரப் பக்கம் மரம் வெட்டக் கூலிக்குப் போய்ப் பிடிபட்டு, அங்கேயே சிறையில் இருந்தார். வக்கீலோடு ஒருமுறை போய், கம்பி வலைக்கு இந்தப் பக்கம் நின்று முகத்தை மட்டும் பார்த்துவிட்டு வந்திருந்தாள். உள்ளே எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியாது. இந்த விவரமெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

ஒரு மத்தியானம் பனிமூட்டம் வாசல்வரை வந்து நின்றிருந்தது. தண்ணீர்க் குடத்தோடு உள்ளே வந்தவள் படத்தின் முன் அப்படியே நின்றுவிட்டாள்.

"டீச்சர், இது இன்னா எடங்க?"

"ஜெயில்க்கா," என்றேன் பெருமையாக.

இடுப்புக் குடத்தை அவள் இறக்கவே இல்லை. "உள்ளாற இப்பிடித்தான் இருக்குமா?"

"ஐயோ, இல்லக்கா. சும்மா நெனச்சு வரைஞ்சது. இப்படி ஒரு ஜெயிலே கெடையாது."

"கெடையாதுன்றீங்க. ஆளுங்க இருக்காங்களே." படிக்கட்டில் கையைத் தூக்கி நின்ற ஓர் உருவத்தில் அவள் விரல் போய் நின்றது. "இவரு எங்க வூட்டுக்காரரு. தோளு இப்பிடித்தான் ஒரு பக்கமா சாஞ்சிருக்கும்."

அப்போதுதான் விஷயத்தைச் சொன்னாள். கிட்டே போய்ப் பார்த்தேன். தோள் சாய்ந்துதான் இருந்தது.

அதற்குப் பிறகு தினமும் வந்தாள். படத்துக் கண்ணாடியில் அந்த ஒரு இடத்தில் மட்டும் விரல் தடம் படிந்துபோனது. ஒருநாள், "இன்னிக்கு ஒரு படி எறங்கி இருக்காரு," என்றாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. வாத்தியார் புத்தி, அச்சுப்படம் என்றால் என்ன என்று பாடம் நடத்தினேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். மறுநாள் காலை பள்ளிக்குக் கிளம்பும்போது, அவர் எந்தப் படியில் நிற்கிறார் என்று நானே பார்த்துக்கொண்டிருந்தேன்.

புதுச் சாமை சமைக்கும் நாளில், வெளியூர் போன ஆளுக்கும் ஒரு இலை போடுவது அந்த வீட்டு வழக்கம். அடுப்படியில்தான் போடுவார்களாம். அவள் என் அறைக்குக் கொண்டுவந்து படத்துக்கு நேர் கீழே போட்டாள். சோற்றிலிருந்து ஆவி எழும்பி, கண்ணாடியில் படிந்து, படிகளும் வளைவுகளும் மறைந்தன. ஆவி விலகும்வரை இரண்டு பேரும் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தோம். படத்தைக் கழற்றிவிடலாம் என்று எத்தனையோ முறை நினைத்தேன். கழற்றினால் அவர் எங்கே போவார் என்ற பயம் எனக்கும் வந்துவிட்டிருந்தது.

புளியம்பழம் உலுக்கும் சமயத்தில் அவர் ஜாமீனில் வந்தார். பாதியாக இளைத்திருந்தார். கேட்டதற்கெல்லாம் "ம்" என்பதோடு சரி. பட்டப்பகலில் அவள் அவரைக் கையைப் பிடித்து என் அறைக்கு இழுத்துவந்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

"சொல்லு, நீ இங்கதான இருந்தே?" என்று படிக்கட்டைக் காட்டினாள்.

அவர் வெகுநேரம் பார்த்தார். இல்லை என்று தலையாட்டினார். பிறகு படத்தின் அடிமூலையில் விரலை வைத்தார். கோட்டின் மேல் கோடாகக் கீறி வெறும் கறுப்பாகிப்போன இடம். அங்கே மனித உருவம் எதுவும் கிடையாது.

"இங்க," என்றார்.

அவள் முகத்தைக் கண்ணாடியோடு ஒட்டவைத்துப் பார்த்தாள். செல்போன் டார்ச்சை அடித்துப் பார்த்தாள். "எங்க? ஆளக் காணமே," என்றாள்.

அவர் அவள் முதுகுக்குப் பின்னால், கை தொடும் தூரத்தில் நின்றிருந்தார். அவள் திரும்பவே இல்லை. அந்தக் கறுப்புக்குள் அவரைத் தேடிக்கொண்டே இருந்தாள்.